போர்டில் இருந்த 'டாக்டர்'

என் கணவர் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் மெஷின் பிடித்தவர். சுரங்கம் மூடுவதற்குச் சில வருடம் முன்பு, ஷிப்ட் முடிந்து இடது கை வலியோடு வந்தார். மெஷின் அதிர்வுதான் என்று நினைத்து, ஆண்டர்சன்பேட்டையில் 'டாக்டர்' என்று போர்டு மாட்டியிருந்த அக்குபங்சர்காரரிடம் அழைத்துப் போனேன்.

நாடி பார்த்தவர் ஊசியைத் தொடவே இல்லை.

"இது நெஞ்சு சம்பந்தப்பட்டதும்மா. ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அவரே ஆட்டோ பிடித்தார். மாரடைப்பு. கணவர் பிழைத்தார்.

அக்குபங்சர்காரருக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் ஸ்டூல்மேல் நின்று 'டாக்டர்' என்ற எழுத்தின்மேல் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது? எங்களுக்கு நீங்கதான் டாக்டர்!"

"ஊசி வைத்தியத்துக்கு சர்டிபிகேட் வாங்கினவன் நான். டாக்டர்னு போடக் கூடாது. இதப் பாத்துதானே ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்க வந்தீங்க?"

ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் "என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்காமல் யாரிடமும் நாடி பார்க்கக் கையை நீட்டுவதில்லை. கோபப்படாமல் பதில் சொல்பவரைத்தான் நம்புகிறேன்.