வீரையாவின் ஜீப்பும் முனியப்பனும்

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளில் வீரையாவின் ஜீப்புக்குத்தான் பெண்கள் முண்டியடிப்பார்கள். குடி கிடையாது, வேகம் கிடையாது. கொண்டையூசி வளைவில் எதிரே லாரி வந்தால் முணுமுணுக்காமல் பின்னால் எடுத்து வழிவிடுவார். மலை ஏறி இறங்கியே அவருக்கு முதுகு கூனிவிட்டது.

பாதி மலையில் ஒரு வளைவில் முனியப்பன் நிற்கிறார். கூரையில்லாத சாமி. வீரையா இறங்கிச் சூடம் கொளுத்துவார். ஜீப்புக்குள்ளிருந்து பெண்கள், "முனியப்பா, தூங்கிட்டியா? எந்திரிச்சு எங்க கூட வாப்பா" என்று குரல் கொடுப்பார்கள். பெற்றவனிடம் பேசுகிற பேச்சு அது. யாரும் அதில் குற்றம் கண்டதில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி ராசிங்காபுரத்துக் கருப்பம்மாள். பள்ளி லீவில் அவளோடு ஏலக்காய் எடுக்கப் போன மகள் ரேணுகா, பிறகு டிவியில் ஊரையே சிரிக்க வைத்து, சினிமாவிலும் பெயர் வாங்கினாள். ஒரு விருது மேடையில் சொந்த ஊரைப் பற்றிக் கேட்டார்கள்.

"எங்க மலையில முனியப்பன்கூட அசந்து தூங்கிருவாரு. ஜீப்பு ஓட்டுற வீரையா மாமா தூங்க மாட்டாரு. அவரை நம்பித்தான் எங்கம்மா மலையேறுச்சு" என்று கண் கலங்கச் சொன்னாள்.

போனில் சுற்றியது முதல் வரி மட்டும்தான்.

சாமியைப் பழித்துவிட்டாள் என்று போடியில் ஊர்வலம் போனார்கள். அவள் படம் ஓடிய தியேட்டரில் போஸ்டரைக் கிழித்தார்கள். கருப்பம்மாள் வீட்டுக் கதவில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள்.

ஊர்வலத்தை நடத்திய ராம்பிரசாத் வீரையாவிடம் வந்து போனை நீட்டினான். "அண்ணே, அந்தப் பிள்ள சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சோலி முடிஞ்சிரும்."

"இதுல தப்பு என்ன தம்பி இருக்கு? தூங்கிட்டியான்னு நாங்களே தெனமும் கேக்குறதுதான். அவரு நம்ம சாமி, அந்த உரிமையில கேக்குறோம்."

சாயங்காலத்துக்குள் வீரையாவின் முகமும் ஊர் ஊராகப் போனது. கடைசி வரி அதில் இல்லை.

"அவ பேசுனதுக்கு நீங்க ஏன் வாயைக் குடுத்தீக?" என்று மனைவி ஜக்கம்மாள் அழுதாள். மறுநாள் ஜீப்பில் பாதி இடம் காலி. அந்த வண்டியில் ஏறக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். ஏறியவர்களும் வளைவில் முனியப்பனைக் கூப்பிடவில்லை.

முனியப்பன் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். போனார். சுற்றி நின்று படம் எடுத்தார்கள். விழுந்து கும்பிட்டு எழுந்திருக்கும்போது மூட்டு பிடித்துக்கொண்டது. கைகொடுத்துத் தூக்கிவிட்டவன் ராம்பிரசாத்தான். "பாத்துண்ணே" என்றான், உண்மையான அக்கறையோடு. அதுதான் வீரையாவுக்கு எல்லாவற்றையும்விட அலுப்பாக இருந்தது.

ரேணுகாவும் மன்னிப்புக் கேட்டாள். பிறகு அவருக்குப் போன் பண்ணினாள். "மாமா, உங்களையும் இதுல இழுத்து விட்டுட்டேன்."

"விடு ஆத்தா. நீ நல்லதாத்தான் சொன்ன. சாப்ட்டியா?"

"ஊருக்கு வரவா மாமா? அம்மாவைப் பாக்கணும்போல இருக்கு."

"இப்ப வேணாம்த்தா. உங்கம்மாவை நான் பஸ் ஏத்தி விடுறேன், நீ அங்க கூட்டிக்க" என்றார்.

சொன்னபடியே கருப்பம்மாளைக் கூட்டிப்போய்ச் சென்னை பஸ்ஸில் உட்கார வைத்தார். அடுத்த மாதம் ஊருக்கு வேறொரு சண்டை கிடைத்தது. பெண்கள் திரும்பவும் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வீரையா போகவில்லை. இப்போது தோட்டத்திலிருந்து ஏலக்காய் மூட்டை மட்டும் இறக்குகிறார். ஆள் ஏற்றினால் என்ன என்று ஜக்கம்மாள் எப்போதாவது கேட்பாள்.

"மூட்டைன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக" என்று சொல்லிவிட்டுத் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார்.