ஜேர்மனிக்குப் போன அம்மாவின் குரல்

அண்ணை ஜேர்மனிக்குப் போன பிறகுதான் அம்மாவுக்கு அந்த வருத்தம் வந்தது. கதைக்க வாயைத் திறந்தால் கீழ்த்தாடை தன்பாட்டில் ஒரு பக்கம் இழுக்கும். நாக்கு வெளியே தள்ளும். சொல் பாதியில் அறுந்துவிடும். இது நரம்பு செய்கிற வேலை, அறிவில் ஒரு குறையும் இல்லை என்றார் டொக்டர். எங்கள் ஊர் இணுவில் சனம் கேட்டால்தானே! காது கேளாதவருக்குச் சொல்வதுபோல் அம்மாவிடம் கத்திக் கதைத்தார்கள்.

"உந்த வருத்தத்தை அவனுக்கு எழுதிப்போடாதை. அங்கை தனியக் கிடந்து யோசிப்பான்" என்று அம்மா இழுத்து இழுத்துச் சொல்லி என்னை மறித்துவிட்டார். கண்டறியாத பிடிவாதம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் எழுதவில்லை.

அண்ணைக்குக் கடிதத்தோடு அம்மாவின் குரலும் வேண்டும். கசெற்றில் பதிந்து அனுப்புவோம். சண்டையால் மின்சாரமும் ரெலிபோனும் இல்லாத காலம். பழைய பற்றறிகளை வெயிலில் காயவைத்து உயிர் கொடுப்பேன். கடைவாயில் ஒரு துண்டு பனங்கட்டியை அடக்கிக்கொண்டால் அம்மாவின் தாடை கொஞ்ச நேரம் சொன்னபடி கேட்கும். இரண்டு வசனம் ஒழுங்காக வரும். இழுக்கத் தொடங்கியதும் பொத்தானை அமத்தி நிறுத்துவேன். அடங்கியதும் திரும்பப் பதிவேன். அப்படியே பின்னேரம் முழுக்கப் போய்விடும்.

"அம்மா முந்தியைவிட வடிவாய்க் கதைக்கிறா" என்று அண்ணை எழுதினார். அதை வாசித்து அம்மா சிரித்த சிரிப்பு! அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

பிறகு, மகனோடு நேரே கதைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை பிடித்துவிட்டது. ஊரைவிட்டு வெளிக்கிடப் பாஸ் எடுத்து, கிளாலியில் படகேறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனோம். ரெலிபோன் கடையில் லைன் கிடைத்ததும், நான் ஒரு வார்த்தை சொல்ல முன்னமே அம்மா ரிசீவரைப் பறித்துக்கொண்டார்.

"த... தம்பி... ரா..."

பதட்டத்தில் பனங்கட்டியும் உதவவில்லை. தாடை இழுத்தது, நாக்குத் தள்ளியது, உறுமல்தான் போனது. முகமெல்லாம் வியர்க்க, விடாமல் மறுபடி மறுபடி முயன்றார். பிறகு ரிசீவரைக் காதோடு அமத்தி, அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டார். ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"என்னம்மா, என்னவாம் அண்ணை?"

ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பிடித்து, அம்மா சொல்லி முடித்தார்:

"அம்... அம்மாட்டைக்... குடுக்கட்டாம்."