பச்சை டிக் வரும்வரை

மின்சார டாக்ஸி ஓட்டுகிறவனுக்குச் சாலையில் பயம் குறைவு. பயமெல்லாம் சார்ஜ் போடப் பணம் கட்டும்போதுதான். தாம்பரம் பக்கம் இதே தொழிலில் கிடந்து அல்லாடும் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டீச்சரம்மாவின் விமானம்

ஒரு டீச்சரம்மாவை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பேட்டரி தாங்காது என்று தோன்றவே, தாம்பரத்திலேயே சார்ஜ் போட நிறுத்தினேன். சார்ஜிங் ஆப்பின் வாலட்டில் பணம் போட்டேன். பேங்கில் கழிந்தது, வாலட்டில் ஏறவில்லை. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே கதை. கண்ணாடியில் பார்த்தால் அந்த அம்மா வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை போடப் போனேன். அவர் அமைதியாகப் பெட்டியை இறக்கினார்.

"நான் ஏர்போர்ட் எதிர்ல இருக்கற திரிசூலத்துக்கு ட்ரெயின்ல போயிக்கறேன் தம்பி. அங்க கவுன்டர்ல காசு கொடுத்தா வாங்கிக்கறாங்க."

கழலாத வயர்

திருமுடிவாக்கத்தில் சார்ஜ் ஏறி முடிந்தும் வயர் காரை விடவில்லை. ஆப்பில் பணம் மட்டும் குறைந்துகொண்டே இருந்தது. பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடித்தன. கஸ்டமர் கேரில் ஒரு பெண் பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சார், எங்க சிஸ்டத்துல உங்க கார் இன்னும் சார்ஜ் போடவே ஆரம்பிக்கல."

குன்றத்தூர் தம்பதி

குன்றத்தூரில் புதிதாக வைத்த சார்ஜர் முன்னால் நின்றிருந்தேன். அதற்குத் தனி ஆப் வேண்டுமாம். என் போனில் ஏற்கெனவே இருந்த ஆப்களால் இடமே இல்லை. எதை அழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். பிரசவ வலி. கூப்பிட்ட ஆட்டோ வரவில்லை என்று என் பின்சீட்டில் ஏற்றினார். இருக்கிற சார்ஜில் ஆஸ்பத்திரி வரை போக முடியாது என்றதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"என் போன்ல போடலாம்ணா" என்றார். ஆப் இறங்கியது. பெயர், இமெயில், ஓடிபி. பிறகு கார் நம்பர் கேட்டது. நம்பர் பிளேட் கண்ணெதிரே இருந்தும் எனக்கு என் நம்பர் ஞாபகம் வரவில்லை. பின்சீட்டில் அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆயிடுச்சா?" என்று கேட்டபடியே இருந்தாள். குறைந்தபட்சத் தொகை என்று அவர் கணக்கிலிருந்து ஐந்நூறு ரூபாயை ஆப் எடுத்துக்கொண்டது. சுற்றிச் சுற்றி, ஒருவழியாகப் பச்சை டிக் வந்தது. போதிய அளவு ஏறியதும் வயரைப் பிடுங்கிக்கொண்டு பறந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். மனம் பதைக்கப் போனை எடுத்தேன்.

"பொண்ணு பொறந்துகீதுண்ணா, ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. ஆனா மீதி காசு ஆப்லயே கீது, எடுக்க முடியாதாம். நீங்க இன்னொரு வாட்டி வந்து சார்ஜ் போட்டுக்கோங்க."

கார் மின்சாரத்தில் ஓடுவதாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதை ஓட்டுகிறவன் வேண்டுதலில் ஓடிக்கொண்டிருக்கிறான்.