பெயர் தெரியாத என் அறைத் தோழன்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. யுத்தம் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பொலிஸ் நிலையம் ஒன்றின் வாசலில், யாரும் கூப்பிடாமல் நானாகவே போய் நின்றேன். அந்தக் காலத்துக் கொழும்பில் ஒரு தமிழ் இளைஞன் தன் காலால் நடந்து பொலிசுக்குப் போனான் என்றால், ஒன்று அவனுக்குத் துணிச்சல் கூட, இல்லையென்றால் மூளை குறைவு. என்னிடம் துணிச்சல் இருந்ததாக என் எதிரிகூடச் சொல்லமாட்டான்.

மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒன்றாகப் படித்த நாங்கள் பத்துப் பதினொரு பேர் கொழும்பில் வேலையில் இருந்தோம். மாதத்தின் கடைசி ஞாயிறு காலையில் வெள்ளவத்தையில் எங்களில் ஒருவனின் ஃப்ளாட்டில் கூடுவோம். சாப்பாடு, பழைய கதை, கொஞ்சம் சண்டை. எங்களுக்குள் ஒரேயொரு சட்டம்தான் இருந்தது: சொல்லாமல் வராமல் விட்டவனை அன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் ஒருவன் வராமல் போவதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம் அல்லவா? போய்ப் பார்ப்பது செயலாளரின் வேலை. செயலாளர் நான். தேர்தல் நடந்த அன்று பஸ் பிந்தி நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்ததுதான் என் ஒரே தகுதி.

அன்று வராமல் விட்டவன் வாளி. பல்கலைக்கழக விடுதியில் நாலு வருடம் என் அறைத் தோழன். பகிடிவதைக் காலத்தில் சீனியர்கள் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைப்பார்கள். சொந்தப் பெயரை வாய் தவறிச் சொன்னால் அதற்குத் தண்டனை வேறு. விடியற்காலையில் தண்ணீருக்கு வாளியோடு முதல் ஆளாக நின்றதால் அவன் வாளி. அறைக்குள் ஊர்ந்து வந்த இரத்தம் உறிஞ்சும் அட்டையைக் கண்டு நான் போட்ட சத்தத்தில் விடுதி முழுவதும் இடுப்பில் கட்டிய துவாயோடு ஓடி வந்ததால் நான் சங்கு. தண்டனைக் காலம் முடிந்தும் அந்தப் பெயர்கள் போகவில்லை. அவனும் நானும் வேறு வேறு பீடம். பரீட்சை முடிவுகூடப் பெயரில்லாமல் சுட்டெண்ணில்தான் வரும். ஆகவே சொந்தப் பெயர் எங்களுக்குத் தேவைப்படவே இல்லை.

கொட்டாஞ்சேனையில் அவன் புதிதாக வாடகைக்கு இருந்த அறை பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர்கள் பூசைக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா கேற்றுக்குள் நின்றபடியே சொன்னார்.

"விடிய ரவுண்டப் மகன், ரோட்டையே சுத்தி வளைச்சாங்க. அந்தத் தம்பி இங்க வந்து ஒரு கிழமதானே, பொலிஸ் பதிவு இன்னும் மாத்தல்ல. ஏத்திக்கிட்டுப் போய்ட்டாங்க. தெரிஞ்சவங்க வந்து கையெழுத்துப் போட்டா விடுறாங்களாம். இல்லாட்டி மூணு மணிக்குக் கேம்புக்கு அனுப்புறாங்களாம்."

அந்தத் தடுப்பு முகாமுக்குப் போனவர்கள் ஒரு வாரத்திலும் வந்தார்கள், ஒரு வருடத்திலும் வந்தார்கள். அப்போது நேரம் பன்னிரண்டரை.

பொலிஸ் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த சார்ஜன்ட், "இருங்க" என்று நாற்காலியைத்தான் காட்டினார். நான் இரண்டு கையையும் மேலே தூக்கினேன். பெயர் கேட்டார். என் அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்தினேன். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். பஸ் டிக்கட்டை நீட்டினேன். அதுவரை பரவாயில்லை.

"யாரைப் பார்க்க வந்தீர்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நண்பனை, சேர்."

"பெயர்?"

வாயைத் திறந்தேன். வாளி மட்டும்தான் வந்தது. நாலு வருடம் ஒரே அறை! அவனுக்குக் கத்தரிக்காய் ஒத்துவராது என்று தெரியும். எந்தக் கனவில் எந்த இடத்தில் உளறுவான் என்று தெரியும். கடிதங்கள் வந்தபோது உறையில் அவன் பெயரைப் பார்த்தும் இருப்பேன். ஆனால் அந்த நேரத்தில் தலைக்குள் துடைத்துவிட்டது போல ஒன்றுமே இல்லை.

"வாளி, சேர்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. "பால்திய" என்று சிங்களத்தில் சொல்லி, கையால் தண்ணீர் அள்ளியும் காட்டினேன்.

சார்ஜன்ட் பேனாவைக் கீழே வைத்தார். சொந்தப் பெயர் இல்லாமல் இன்னொரு பெயரால் அறியப்படுகிற தமிழ் இளைஞன் என்றால் அந்தக் காலத்தில் பொலிசுக்கு ஒரே அர்த்தம்தான்: இயக்கத்துப் போராளி. வாளியை மீட்கப் போன நான் அவனுக்கு ஓர் இயக்கப் பெயரையும் கொடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடத் தொடங்கின.

"பெயரோடு வாரும். இல்லாவிட்டால் நீரும் உள்ளே இரும்" என்றார்.

வெளியே வந்தேன். வெள்ளவத்தை பஸ் சரியாக எனக்கு முன்னால் வந்து நின்றது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு காலை மிதிபலகையில் வைத்துவிட்டேன். போயிருந்தால் ஒருவரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். கண்டக்டர் "நகின்ட, நகின்ட" என்று ஏறச் சொல்லிக் கத்தினான். நான் காலை எடுத்தேன். அவன் வெளியே வரும்வரை இந்த வீதியை விட்டுப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

எதிரே இருந்த கொமியூனிகேஷன் என்ற தொலைபேசிக் கடையில் இருந்து ஃப்ளாட்டுக்குப் போன் எடுத்தேன். எடுத்தவன் ஃப்ளாட்டின் சொந்தக்காரன், பட்டப்பெயர் டைனமோ.

"டேய், வாளிக்கு என்னடா பேர்?"

"வாளிதான்."

"சொந்தப் பேரைக் கேக்கிறன் மடையா!"

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். சிவ என்று தொடங்கும் என்றான் ஒருவன். இல்லை, ராஜாவில் முடியும் என்றான் இன்னொருவன். கூட்டிப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் பாதிப் பேர் வருவார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"அங்கேயே நில்லு. நாங்கள் வாறம்" என்றான் டைனமோ.

"வராதேங்கோ! பொலிசுக்கு முன்னால தமிழ்ப் பெடியள் கூட்டமா வந்து நிண்டா என்ன நடக்கும் எண்டு தெரியாதே?"

"நீ தனிய நிண்டா மட்டும் மாலை போடப் போறாங்களோ? வையடா போனை."

ஒன்றரை மணிக்குள் வந்தார்கள், ஒன்பது பேர். சந்தேகம் வரக்கூடாது என்று ஒருவரையொருவர் தெரியாத மாதிரி வீதியோரத்தில் பிரிந்து நின்றார்கள். ஒருவன் சிங்களப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். அதைவிடச் சந்தேகமான காட்சியை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

திரும்பவும் உள்ளே போனேன். இந்த முறை மேசையில் ஒரு இளம் இன்ஸ்பெக்டர் இருந்தார். எனக்குத் தெரிந்த அத்தனை சிங்களத்தையும் ஒன்றாகக் கொட்டினேன்.

"சேர், எனக்கு அவன்ர பேர் தெரியாது. அவனிட்டப் போய் என்ர பேரைக் கேளுங்கோ, அவனுக்கும் தெரியாது. ஆனா என்னை என்னெண்டு கூப்பிடுவான் எண்டு கேளுங்கோ. அவன்ர இடது கால் பெருவிரல்ல நகம் இல்லை, அதையும் பாருங்கோ. தண்ணித் தாங்கியில இருந்து விழுந்தவன். சொன்னது பிழையெண்டா என்னையும் உள்ள போடுங்கோ."

கடைசி வசனம் எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. சொன்ன உடனேயே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் எழுந்து போய்விட்டார்.

பத்து நிமிடம். சுவரில் இருந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சங்கு?"

"ஓம் சேர்."

"ஒரு அட்டைக்கா அந்தச் சத்தம்?"

"பெரிய அட்டை, சேர்."

சார்ஜன்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, ஆனால் கடதாசியை என் பக்கம் தள்ளினார். வாளியின் அடையாள அட்டையைப் பார்த்து அவனுடைய முழுப் பெயரையும் அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் எழுதினேன். நல்ல கம்பீரமான, நீளமான பெயர். இந்த மனிதனையா இத்தனை வருடம் வாளி என்றோம் என்று வெட்கமாக இருந்தது.

"இன்னொரு கையெழுத்து வேண்டும். வேறு யாரும் இருக்கிறார்களா?"

வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினேன். ஒருவன் வருவான் என்றுதான் நினைத்தேன். ஒன்பது பேரும் ஒரேயடியாக வீதியைக் கடந்தார்கள். காவலுக்கு நின்றவன் துவக்கை நிமிர்த்திவிட்டான். இன்ஸ்பெக்டர் கத்தி அவனை நிறுத்தியிராவிட்டால் இதை எழுத நான் இருந்திருப்பேனோ தெரியாது. ஒன்று போதும் என்று அவர் சொல்லியும் ஒன்பது பேரும் வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். தங்கள் பெயரையும் முகவரியையும் பொலிசுக்குக் கொடுக்க அந்தக் காலத்தில் எவனுக்கு மனம் வரும்? ஒருவன்கூடப் பின்னால் நிற்கவில்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்க வாளி வெளியே வந்தான். காலில் செருப்பில்லை, முகம் வெளிறிப் போயிருந்தது. என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி:

"டேய், உன்ர பேர் என்னடா?"

சொன்னேன். அவனும் தன் பெயரைச் சொன்னான். ஏழு வருடம் பழகிய இரண்டு பேர் நடுவீதியில் கைகுலுக்கி அறிமுகமானோம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இரண்டாவது சட்டம் வந்தது. சாப்பிடுவதற்கு முன் ஒவ்வொருவனும் எழுந்து, மற்ற எல்லோருடைய முழுப் பெயரையும், ஊரையும், வேலை இடத்தையும், அடையாள அட்டை இலக்கத்தையும் பாடமாகச் சொல்ல வேண்டும். தடுமாறுகிறவன் கோப்பை கழுவ வேண்டும். முதல் மூன்று மாதமும் கழுவியது செயலாளர்தான்.

இப்போது நாங்கள் நாலு கண்டத்தில் இருக்கிறோம். சிலருக்குத் தலையில் முடியில்லை, எல்லோருக்கும் வயிறு இருக்கிறது. இருந்தும் திரையில் முகம் பார்த்தாவது கூடுகிறோம், அந்தக் கூட்டத்தை விடவில்லை, விடவும் மாட்டோம். கூட்டாளியின் மேல் பாசம் இருந்தால் போதும் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நினைத்திருந்தேன். அவனுக்காக ஒரு வாசலில் போய் நிற்க வேண்டி வந்தால், அவன் யார் என்று நடுங்கிக்கொண்டாவது சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை, என் ஆடிய முழங்கால்கள்தான் எனக்குப் படிப்பித்தன.