பிரித்துவிட்ட தையல்

என் அக்கா வீட்டில் யாருக்கும் எந்தத் துணியும் இறுக்கியதே கிடையாது. இடுப்பு, அக்குள், பக்கவாட்டு என்று எல்லா இடத்திலும் இரண்டு விரல் துணியை உள்ளே விட்டுத்தான் தைப்பாள். இறுக்குகிறது என்று யாராவது வாயெடுத்தால் போதும், பழைய தையலைப் பிரித்து, அரை இன்ச் தள்ளிப் புதிதாக ஓட்டிவிடுவாள். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிட வேலைதான் அவள் மகளைப் பன்னிரண்டு வயதில் சர்க்கரை நோயின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். வீட்டின் முன்னறைதான் கடை. நான் காஜா எடுத்துப் பொத்தான் வைப்பேன். அத்தான் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். காலை எட்டு மணிக்கு மிஷினில் உட்காரும் அக்கா, இருட்டிய பிறகுதான் எழுவாள். சமைக்க நேரம் ஏது? பள்ளிவிட்டு வரும் பிள்ளை துணி வெட்டும் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, நொறுக்குத்தீனி பாக்கெட்டைப் பிரித்துத் தின்றுகொண்டே வீட்டுப்பாடம் எழுதும். சத்தம் போடாமல் இருந்தால் சரி என்று நானும்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பள்ளிக்கூடத்தைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. விளையாட்டுத் திடல் இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம். விளையாட்டு நேரத்தில் கணக்குப் பாடம். வளாகத்துக்குள்ளேயே ஒரு கடை. சர்க்கரைத் தண்ணீருக்குக் கலர் போட்டு பாட்டிலில் விற்கிறார்கள். பிள்ளைகளின் இடுப்பளவு வருடா வருடம் ஏறுவது தலைமையாசிரியைக்குத் தெரியாதா? எங்களுக்கு அளவுப் பட்டியல் அனுப்புவதே அந்தம்மாதான். போன வருடம் பட்டியலின் அடியில் ஒரு பெரிய அளவைச் சேர்த்து அனுப்பினார். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. அக்காவும் கேட்கவில்லை, அந்த அளவில் துணி வெட்ட ஒரு மாதிரி அட்டை வெட்டி ஆணியில் மாட்டினாள்.

அக்கா மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தெருவே இவளைத் தூக்கிக் கொஞ்சியது. கொழுகொழுவென்று இருக்கிறாள், கண் பட்டுவிடும் என்றார்கள். அதே வாய்கள்தான் பத்து வயதில் இவளைப் பூசணிக்காய் என்று கூப்பிட்டன.

ஆறு மாதத்துக்கு முன்பு அவள் பின்கழுத்து கறுக்க ஆரம்பித்தது. அழுக்கு என்று நினைத்து அக்கா தினமும் பீர்க்கங்காய் நார் வைத்துத் தேய்த்தாள். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். தோல் சிவந்ததே தவிர கறுப்பு போகவில்லை. வகுப்பு டீச்சர் டைரியில், 'குழந்தையைச் சுத்தமாகக் குளிப்பாட்டி அனுப்பவும்' என்று எழுதி அனுப்பினார். அன்றைக்கு அக்கா இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கழுத்தில் ரத்தம் கசிந்தது. அதற்குப் பிறகுதான் நான் சண்டை போட்டு இரண்டு பேரையும் மருத்துவரிடம் இழுத்துப் போனேன்.

பெண் மருத்துவர். கழுத்தைப் பார்த்ததுமே ரத்தம் எடுக்கவும் வயிற்றை ஸ்கேன் பண்ணவும் சொன்னார். முடிவு வந்ததும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இது அழுக்கு இல்லம்மா. உள்ள இன்சுலின் எகிறிக் கெடக்கு, அதான் தோல் கறுக்குது. ஈரலெல்லாம் கொழுப்பு. பிரஷரும் கூடுதல். இப்படியே விட்டா இருபது வயசுக்குள்ள சர்க்கரை வந்துரும். அப்புறம் சிறுநீரகம், கண்ணு, இதயம்னு ஒவ்வொண்ணா தொடும்."

"அவ ரொம்பலாம் சாப்பிட மாட்டா டாக்டர்," என்றாள் அக்கா.

"அவளை நான் குத்தம் சொல்லல. ஓடியாட இடமில்ல, சரியான தூக்கமில்ல, குடிக்கிறதெல்லாம் சர்க்கரை. உங்க உடம்பு வாகும் சேர்ந்திருக்கு. நீங்களும் ஒரு தடவை ரத்தம் பாத்துருங்க. இவளுக்கு இப்பவும் சரி பண்ணலாம், விட்டுராதீங்க." பிறகு பிள்ளையிடம் திரும்பினார். "மூச்சு வாங்குதா கண்ணு?"

"ஆமா."

"எப்பருந்து?"

"ரெண்டு வருஷமா. நெஞ்சு இறுக்குதுன்னு அம்மாட்ட சொன்னேன். சட்டையப் பிரிச்சு விட்டாங்க."

அதில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அக்காவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. பொத்தானை நகர்த்தி வைத்த கை என்னுடையது என்பதால் சும்மா இருந்தேன்.

அக்கா நாற்காலியை மகள் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"இப்ப சொல்லு. வேற என்னென்ன பண்ணுது? ஒண்ணு விடாம சொல்லு."

பிள்ளை என்னைப் பார்த்தது, மருத்துவரைப் பார்த்தது. முட்டி வலிக்கிறது என்றது. தூக்கத்தில் மூச்சடைத்து விழிப்பு வருகிறது, காலையில் தலை கனக்கிறது, மாடிப்படியில் நெஞ்சு படபடக்கிறது, பெஞ்சில் யாரும் பக்கத்தில் உட்கார்வதில்லை. மருத்துவர் எழுதிக்கொண்டே வந்தார். தாள் நிறைந்ததும் திருப்பிப் போட்டு எழுதினார்.