அமிர்தம் அக்காவின் கிணற்றுக் கொப்பி

அமிர்தம் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் வேலை செய்யும் வீட்டில் மேசைவிரிப்பு அழுத்திக்கொண்டிருந்தேன். தொலைபேசியை எடுத்த வீட்டுக்காரச் சிஞ்ஞோரா, "உன் கணவர்" என்று நீட்டினார். என் கணவர் வேலை நேரத்தில் அழைப்பு எடுக்கிற ஆள் இல்லை. "அக்கா விடிய எழும்பேல்லையாம். நித்திரையிலயே போட்டா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒருவரையும் கேட்காமல் எதையும் செய்யக்கூடாது என்று எங்கள் எல்லோரையும் வாட்டி எடுத்த மனிசி, ஒருவருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் போவதென்றால்? அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் எங்கள் சனத்துக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பிந்தி வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடமொன்றில் உதவியாளராக இருந்தவர். இங்கே வியா மக்வேதாத் தெருவில் வயதான ஒரு சிஞ்ஞோராவைப் பராமரித்தார். பின்நேரங்களில் ஒரு அரச கந்தோரில் அலுவலக அறைகளைத் துப்புரவு செய்தார். வாய் காரம். கலியாண வீட்டுக்குப் போனாலும் தண்ணீரை மணந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அதற்காகவே அவருக்குச் சொல்லாமல் கலியாணம் செய்தவர்களும் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன்.

எனக்கு அவரோடு பழக்கம் வந்தது என் மகளால். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் கணவர் சியாகுல்லிப் பக்கம் ஒரு மந்தாரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்தார். தோட்டத்தின் சொந்தக்காரர் தந்த வரிசை அறைகளில் ஐந்து தமிழ்க் குடும்பங்கள் இருந்தோம். எல்லோருக்கும் ஒரே கிணறு. மகளுக்கு மூன்று மாதம், எனக்குப் பால் இல்லை, பால்மாதான். கிணற்றுத் தண்ணீரைச் சும்மா சுடவைக்கமாட்டேன், பாதியாக வற்றும்வரை கொதிக்க வைப்பேன். அவ்வளவு கவனமான தாய் என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அக்கா ஒருநாள் பக்கத்து வீட்டுக்கு வந்தவர். எங்கள் வாசலில் நின்று பிள்ளையின் உதட்டைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பிள்ளையின்ரை சொண்டு ஏன் நீலமாக் கிடக்கு?"

"குளிராக்கும் அக்கா."

"பால்மா எந்தத் தண்ணியில கரைக்கிறனி?"

"கிணத்துத் தண்ணிதான். நல்லாக் கொதிக்க வைச்சுத்தான்."

சூப்பிப் போத்தலை என் கையிலிருந்து பறித்து வாசலில் ஊற்றினார். "கொதிக்கக் கிருமி சாகும் பிள்ளை, கிணத்துக்குள்ள இறங்கின தோட்டத்து உரம் சாகாது. தண்ணி வத்த வத்த உரம்தான் கூடும். இந்தக் கண்றாவியை நான் ஊரிலயும் பார்த்தனான். வா, வெளிக்கிடு!" எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் பிள்ளைக்கு நானே நஞ்சு கொடுக்கிறேன் என்று ஒரு புது மனிசி வந்து சொல்கிறாளே என்று பேருந்து முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். ஆசுப்பத்திரியில் வைத்தியர் ஊசி போட்டார், மகள் தப்பினாள். அந்தப் பக்கத்திலிருந்து இதே நோயோடு முன்னரும் ஒரு குழந்தை வந்தது என்று அவர் சொன்னபோது அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் அந்தக் கிணற்று விசயத்தை விடவில்லை.

விடவில்லை என்று சொல்வது சுகம். தட்டவேண்டிய கதவுகள் மூன்று. அக்கா அவற்றுக்குத் தண்ணிக் கந்தோர், உரக் கந்தோர், நோய்க் கந்தோர் என்று பெயர் வைத்திருந்தார். முதலாவது நகரத்துக்கு உரியது, இரண்டாவது பிராந்திய அரசுக்கு, மூன்றாவதுக்கு மேலிடம் ரோம். கிணற்றுத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று ஒன்றுக்குத் தெரியும். மண்ணில் எவ்வளவு உரம் போடுகிறார்கள் என்று மற்றதுக்குத் தெரியும். எந்தக் குழந்தை நோயாகி வந்தது என்று மூன்றாவதுக்குத் தெரியும். ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதுக்குத் தெரியாது.

அக்கா துப்புரவு செய்தது தண்ணிக் கந்தோரைத்தான். நான் ஒருநாள் கேட்டேன்: "கிணத்து அறிக்கை மேசையிலதானே கிடக்கு, ஒரு பிரதி அடிச்சுக்கொண்டு வாங்கோவன்." அக்கா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் சுடும். "துடைக்கப் போன மேசையில வாசிச்சால் அது களவு. முன் கதவால போய்க் கேட்டால் அது என்ரை உரிமை. களவெடுத்த கடுதாசியைக் காட்டினால் அவங்கள் கிணத்தைப் பாக்கமாட்டாங்கள், என்னைத்தான் பாப்பாங்கள்." அடுத்த திங்கட்கிழமை நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, தான் தினமும் துடைக்கும் படிகளில் ஏறி, எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தார். காவலாளிக்கு அவரை அடையாளம் தெரியவில்லையாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மறுமொழி வர மாதங்கள் ஆயின. அப்போதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. தண்ணிக் கந்தோரில் எங்கள் கிணற்றுக்கு ஒரு இலக்கம். உரக் கந்தோரில் அது தோட்டக்காரரின் பெயரில் இருந்தது. நோய்க் கந்தோரில் தெருவின் பெயர் மட்டும். ஒரே கிணறு மூன்று இடத்தில் மூன்று கிணறாக இருந்தது. அந்த மூன்றையும் பொருத்திக் காட்டக்கூடிய ஒரே பொருள் எங்கள் கொப்பி.

அந்தக் கொப்பியை நீங்கள் பலர் கண்டிருப்பீர்கள், ஒற்றை றூள் போட்ட பள்ளிக்கூடக் கொப்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் நானும் தோட்டம் தோட்டமாகப் போனோம். மீன்தொட்டி விற்கும் கடையில் வாங்கிய பரிசோதனைத் தாள்கீற்றைத் தண்ணீரில் தோய்த்து, மாறிய நிறத்தைக் குறித்தோம். எந்தக் கிணறு, எந்த வீடு, ஆர் குடிக்கிறார்கள், கைக்குழந்தை உண்டா என்று எல்லாம் பெயரோடு எழுதினோம். தண்ணிக் கந்தோரின் பெண் அதிகாரி, நாங்கள் தொத்தோரெஸ்ஸா என்று கூப்பிடுபவர், நல்ல மனிசி. "இதைத் தாருங்கள், நாளைக்கே வேலை தொடங்குகிறேன்" என்றார். நான் கொடுக்கவே எழும்பிவிட்டேன். அக்கா கொப்பியை மடியில் வைத்துக் கையை மேலே வைத்துக்கொண்டார்.

கொப்பியில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குப் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் இருக்கிற அனுமதி, இல்லை. எனக்கும் இல்லை. கந்தோர் கொப்பியைக் கேட்கிறது என்ற கதை எப்படியோ பரவி, அடுத்த ஞாயிறு இரண்டு வீடுகள் கதவே திறக்கவில்லை. "எங்கடை பேர் குவெஸ்தூராப் பொலிசுக்குப் போனால் தண்ணி குடிக்க நாங்கள் இஞ்சை இருப்பமோ?" என்று ஒருத்தி யன்னலுக்குள்ளால் கேட்டாள். அதில் என்ன பிழை?

அப்போது அக்கா எடுத்தது எங்கள் ஊர்க் காணி உறுதிப் பத்திரத்தில் இருக்கும் ஒரு வழக்கத்தை. பங்குக் கிணறு என்றால் உங்களுக்குத் தெரியும். உறுதியில் பங்கு எழுதியிருக்கும், ஒரு பங்காளி மற்றவனுக்குக் கிணற்றைப் பூட்டமுடியாது. கிணறு கலக்கி இறைக்கிற நாளில் எல்லாப் பங்காளிகளும் வரவேண்டும். ஒருத்தன் கயிறு பிடிக்க மற்றவன் வரம்பில் நின்று புதினம் பார்க்க ஏலாது. அக்கா ஒரு பக்கத்தில் எழுதித் தொத்தோரெஸ்ஸாவிடம் கொடுத்தார், இத்தாலி மொழியில், பிழைகளோடு. நான்கு பங்காளிகள்: மூன்று கந்தோரும் நாங்களும். நால்வரும் ஒரே நாளில், ஒரே மேசையில், தங்கள் தங்கள் கொப்பியைத் திறக்க வேண்டும். எங்களுடையதில் கிணறும் நிறமும் இருக்கும், மனிதர் பெயர் இராது. "கிணறு எல்லாருக்கும், பேர் எங்களுக்கு" என்றார் என்னிடம்.

பெயரில்லாத பிரதியைக் கையால் எழுத ஆறு கிழமை, ஒன்றரை மாதம், எடுத்தார். அந்த ஆறு கிழமையும் நான் அவரோடு சண்டை பிடித்தேன். அதற்கிடையில் அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, கலன் கலனாகப் பேருந்தில் கொண்டுபோய்க் குழந்தை உள்ள வீடுகளுக்குக் கொடுத்தோம். என் தோள் இறங்கிப்போனது. "கெதியா எழுதுங்கோ அக்கா, பிள்ளையள் குடிக்குதுகள்" என்பேன். "பிழையா ஒரு பேர் போனால் திருப்பி எடுக்கேலாது" என்பார். அவர் சொன்னது சரி. ஆனால் நான் சொன்னதும் சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மேசை கூடியது. பத்து நிமிட நடைத் தூரத்தில் வேலை செய்த மூன்று அதிகாரிகள் அன்றுதான் கைகுலுக்கிக் கொண்டார்கள். தாள்களை அடுத்தடுத்து வைத்தபோது இலக்கமும் தோட்டமும் பொருந்தின. நோய்க் கந்தோர்க்காரர்தான் தயங்கினார். ஒரு குழந்தையாவது இந்தக் கிணற்றில் குடித்தது என்று உறுதியாகாமல் மூடச்சொல்லிக் கையெழுத்து வைக்கமுடியாது, ஒரேயொரு பெயர் வேண்டும் என்றார். தொத்தோரெஸ்ஸாவும் அக்காவைக் கெஞ்சுவது போலப் பார்த்தார். "என்னட்டைப் பேர் இல்லை" என்றார் அக்கா. என் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. திருப்பியிருந்தால் நான் அவர் கேட்டதற்காகச் சொன்னதாக ஆகியிருக்கும். நான் எழும்பினேன். மகளின் பெயரையும் என் பெயரையும் நானே சொன்னேன், எழுத்துக் கூட்டி.

கிணற்றை மூடினார்கள். வரிசை அறைகளுக்குக் குழாய் வந்தது. எங்களுக்கு அந்தக் குழாயில் குடிக்கக் கொடுத்துவைக்கவில்லை, தோட்டக்காரர் எங்களை மட்டும் வெளியே போகச் சொன்னார். குவெஸ்தூரா வரவில்லை, ஆனால் வருமோ வருமோ என்று ஒரு வருடம் காலடிச் சத்தம் கேட்டுப் பயந்தோம். அக்கா தன் ஒற்றை அறையைத் துணியால் மறித்துப் பாதியை எங்களுக்குத் தந்தார். "நீ பேர் சொன்னது நல்லது எண்டு நான் சொல்லமாட்டன். அது உன்ரை பேர்" என்றார். எனக்குப் பெர்மெஸ்ஸோ வந்த அன்றுதான் அவர் அழுததைக் கண்டேன்.

செத்தவீட்டுக்குத் தொத்தோரெஸ்ஸாவும் வந்திருந்தார். பெட்டியின் தலைமாட்டில் நெடுநேரம் நின்றுவிட்டு, வெளியே வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்: பெயர்கள் உள்ள கொப்பி இனி ஆரிடம் இருக்கும்? இப்போது காலம் மாறிவிட்டது, கந்தோரில் பூட்டுப்போட்ட அலுமாரியும் இருக்கிறது என்றார். அவர் கேட்டதில் கள்ளம் இல்லை. கந்தோருக்குத் தரமாட்டேன் என்றேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கொப்பிதான். ஆனால் அது எனக்கு முதுசச் சொத்தாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ள நான் ஆர்? எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த ஞாயிறு, கொப்பியைப் பையில் போட்டுக்கொண்டு, அதில் பெயருள்ள ஒவ்வொருவரின் இப்போதைய வீட்டுக்கும் போனேன். இனி நான் வைத்திருக்கலாமா என்று வாசலில் நின்று கேட்டேன். எல்லோரும் ஓம் என்றார்கள், தேத்தண்ணி தந்தார்கள். ஒருத்தி மட்டும் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளுடைய படியில் இருந்தே, அவள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெயரை வாசிக்க முடியாதபடி பேனையால் வெட்டினேன்.