சந்தனம் பூசிய பலகை

நிரூபாவுக்குக் குளிரே ஆகாது என்று நகரத்துக் கரையில் ரூஜ் பக்கத்தில் இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் சொல்வது பழைய நிரூபாவை. பதினாலு வயதில் தாய் தகப்பனோடு அகதியாக வந்து இறங்கி, முதல் பனிக்காலம் முழுவதும் போர்வையும் தானுமாக யன்னலடியில் குந்தியிருந்த பிள்ளையை. அந்தப் பிள்ளை வளர்ந்து, மகேஸ்வரனைக் கட்டி, ஒரு மகளைப் பெற்று, முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் வேலைக்குச் சேர்ந்தது. அங்கே எப்போதும் வெக்கை. பனி கொட்டுகிறதா வெயில் எறிக்கிறதா என்றுகூடத் தெரியாது. படுக்கை விரிப்புகளை மடித்து, மடித்து, மடித்துக்கொண்டே நாற்பது வயதாகிவிட்டது.

மகள் நிலாணி பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில் அழுது அடம்பிடித்து, இரண்டு காலையும் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குகிற ஸ்னோபோட் பலகை ஒன்று வாங்குவித்தாள். ஒரே ஒரு பனிக்காலம் ஓடினாள். பிறகு வாட்டர்லூவுக்குப் படிக்கப் போய்விட்டாள். பலகை கராஜுக்குள் அரிசி மூட்டைக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. ஒருநாள் கராஜைக் கூட்ட வந்த நிரூபா, தும்புத்தடியைக் கீழே வைத்துவிட்டு அதில் ஏறி நின்று பார்த்தாள். அவ்வளவுதான் தொடக்கம். வீட்டுக்குப் பின்னால் மின்கம்பிக் கோபுரங்களுக்குக் கீழே ஒரு மேடு இருக்கிறது. அயலட்டைப் பிள்ளைகள் பனிச்சறுக்குவண்டி ஓட்டுகிற மேடு. கணவனின் வேலை ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு அங்கே போய், பிள்ளைகளோடு பிள்ளையாக உருண்டாள். அந்த வருடம் தைப்பொங்கலுக்குப் பொங்கிய கையோடு, கதிரையில் இரண்டு தலையணை போட்டுத்தான் இருந்து சாப்பிட்டாள்.

மகேஸ்வரன் கெட்ட மனிதன் இல்லை. பயந்த மனிதன். பிறம்ரனிலிருந்து பெரிய லொறி ஓட்டுகிறவர். பனியில் கவிழ்ந்து கிடக்கிற வண்டிகளை நாளாந்தம் பார்க்கிறவர். “இடுப்பு முறிஞ்சால் ஆர் பாக்கிறது நிரூ?” என்று கேட்பார். “நீங்கள்தான்,” என்பாள் அவள். “வேறை ஆரைக் கேக்கிறது?”

அவர் லொறித் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவார்.

நாற்பது தாண்டின பெண் புதிதாக ஒன்றும் பழகக்கூடாது என்று நினைக்கிறவர்களோடு வாதாடிப் பிரயோசனமில்லை. அவர்கள் முப்பதிலேயே கிழடாகிப் போனவர்கள். நிரூபா வாதாடவில்லை. செவ்வாய்க்கிழமை அவளுக்கு லீவு. காலையில் சமைத்து மூடிவிட்டு, நகரத்துக்கு வடக்கே ஒரு மணித்தியாலம் ஓட்டி, பனிச்சறுக்கு மலைக்குப் போவாள். பின்னேரம் திரும்பி வந்து மரக்கறி அரிவாள். இப்படியே ஐந்து பனிக்காலம். பள்ளி விடுமுறைக் கிழமைகளில் மலையில் மற்றத் தமிழ்த் தாய்மாரையும் காண்பாள். பிள்ளைகளை வகுப்புக்கு விட்டுவிட்டு, மண்டபத்துக்குள் ஜக்கெற்றுகளையும் பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். “நீங்களோ அன்ரி உதிலை போறது? எங்களுக்கும் ஏலுமோ?” என்று இரண்டொருத்தர் இரகசியமாகக் கேட்டார்கள். கேட்டவர்களைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக அவளுக்கு அனுமதி இல்லை. சொல்லிக்கொடுப்பதென்றால் மலைக்காரரின் ஆளாக இருக்க வேண்டும். அதற்கொரு கறுப்பு மஞ்சள் ஜக்கெற் உண்டு.

அந்த ஜக்கெற்றில்தான் அவளுடைய மனம் விழுந்தது. தனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டு ஆட்கள் தன்னிடம் வரவேண்டும். சலவை அறையில் அப்படி ஒருவரும் வந்ததில்லை. நத்தார்ப் பண்டிகை முடிந்த கிழமையில் மட்டும் மலைக்காரர் ஆள் எடுப்பார்கள். சறுக்கிக் காட்ட வேண்டும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விடவும் முடியாது. வலது முழங்கால் தேய்ந்துகொண்டு வருகிறது என்று டொக்ரர் சொல்லிவிட்டார். இந்தமுறை இல்லையென்றால் இல்லைதான்.

கணவனுக்கு அதைச் சொன்னபோது அவர் தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். கடைசியில், “நான் கூட்டிக்கொண்டு போறன்,” என்றார். “அங்கையிருந்து நேரை அக்கா வீட்டை போகலாம்.” அவருடைய மூத்த அக்கா மங்கையற்கரசி விட்பியில் இருக்கிறா. அன்றைக்கு மத்தியானம் அங்கே குடும்பச் சாப்பாடு. போகாமல் விட்டால் வருடம் முழுக்கச் சொல்லிக்காட்டுவா.

திருவெம்பாவைக் காலம். கோயிலில் விடியப்புறம் பூசை. மகேஸ்வரன் வாங்கிய எந்த வண்டியும் கோயில் வாசல் மிதிக்காமல் றோட்டில் ஓடியதில்லை. சில்லுக்குக் கீழே தேசிக்காய், முன்பக்கம் சந்தனம் குங்குமம், ஐயர் கற்பூரம் காட்டினால்தான் திறப்பைப் போடுவார். மனைவி ஏறி ஓடப்போகிற பலகையைச் சும்மா விடுவாரா? சோதனைக்கு முதல்நாள் நிரூபா வேலைக்குப் போன பிறகு, பலகையைப் பையோடு தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

ஐயர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு முன்பக்கம் எது?”

“ரெண்டு பக்கமும் போகுமாம் ஐயா.”

“அப்ப ரெண்டு பக்கமும் வைப்பம்,” என்று நுனிகளில் சின்னதாகப் பொட்டு வைத்து, மிச்சச் சந்தனத்தையும் குங்குமத்தையும் காகிதக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டார். அதோடு விட்டிருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. வீட்டுக்கு வந்த மகேஸ்வரன் யோசித்தார். காருக்குச் சில்லில் பூசுகிறோம். தரையில் படுவது சில்லு. இதில் தரையில் படுவது பலகையின் வயிறு. கராஜ் வெளிச்சத்தைப் போட்டு, பலகையைக் கவிழ்த்து, சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்து, மூன்று குறி இழுத்து, நடுவில் கை நிறையக் குங்குமம் அப்பினார். பார்க்கத் தேர்மாதிரி இருந்தது. பையில் போட்டு ஸிப்பை இழுத்து மூடினார்.

காலையில் காருக்குள் ஏறியதும் சொன்னார். “பலகைக்குப் பூசை செய்விச்சனான். அங்கை போய்த்தான் திறக்கவேணும். பூசினதைத் துடைச்சுப் போடாதையும், அது கூடாது.”

நிரூபா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வருடமாக அந்தப் பலகையைக் காணாதமாதிரித் தாண்டிப் போன மனிதன். “சரி,” என்றாள். “துடைக்கேல்லை.”

மரியாதையாகப் பின்சீற்றில் படுத்திருந்தது பலகை. மகேஸ்வரன் ஹீற்றரைக் கூட்டி வைத்தார். வழியில் பனி வாரி இறைத்ததால் வாகனங்கள் ஊர்ந்தன. போய்ச் சேரவும் அவளைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. பையைத் திறந்தாள். மேலே பொட்டைக் கண்டாள், சிரிப்பு வந்தது, பலகையைப் பனியில் போட்டுக் காலைக் கட்டினாள். கவிழ்த்துப் பார்க்கவில்லை.

சோதிப்பவள் ஸ்டெபனி. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், பிள்ளை இங்கே பிறந்தது. “ஓகே அன்ரி, ஒரே ஒரு ரண், ஒருக்கா இறங்கிக் காட்டுறது. விழுந்தால் ஸொறி, அவ்வளவுதான். ஸ்னோபோட்டிலை ஏதாவது பிழையெண்டால் மட்டும் இன்னொரு சான்ஸ்.” அன்ரி என்று கூப்பிட்டாலும் விட்டுக்கொடுக்கிற பிள்ளையாகத் தெரியவில்லை.

லிஃப்ற்றில் மேலே போகும்போது கீழே நின்ற சனம் அண்ணாந்து பார்த்துக் கையைக் காட்டியது. நிரூபா தன்னை வாழ்த்துகிறார்கள் என்று நினைத்துத் தானும் கையைக் காட்டினாள்.

இறங்கியபோதே பலகை இழுத்தது. புதுப்பனி, பாரமாக்கும் என்று எண்ணினாள். காருக்குள் சூடேறி நனைந்த சந்தனம் பனியில் பட்டதும் உறைந்து, மேலும் மேலும் பனியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளுக்கு எப்படித் தெரியும்? முதல் வளைவைச் சரிவு பார்த்துக்கொண்டது. இரண்டாவது வளைவு தாண்டிச் சரிவு குறைகிற இடத்தில், பலகை நின்றுவிட்டது. நிரூபா நிற்கவில்லை. முன்னால் பறந்து, முகம் குப்புற விழுந்து, ஒரு பிரட்டுப் பிரண்டு கிடந்தாள்.

மூச்சு வாங்கித் தலையை நிமிர்த்தினால், தான் வந்த வழி முழுக்கச் சிவப்பு. வெள்ளைப் பனியில் இழுபட்ட சிவப்பு.

“ஓ மை கோட். அன்ரி, டோன்ற் மூவ்,” என்று ஸ்டெபனி இறங்கி வந்தாள். எங்கோ விசில் ஊதியது. காயப்பட்ட ஆட்களை ஏற்றி இறக்குகிற சறுக்குக்கட்டிலை இரண்டு பெடியங்கள் இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

நிரூபா விரலால் அந்தச் சிவப்பைத் தொட்டு மூக்கடியில் வைத்தாள். “இரத்தமில்லைப் பிள்ளை. குங்குமம்.”

“வட்? என்னது?”

“பொட்டு. பொட்டு வைக்கிறது.”

ஸ்டெபனி பலகையைப் பார்த்தாள், நிரூபாவின் நெற்றியைப் பார்த்தாள். பெடியங்கள் எதற்கும் கட்டிலில் ஏறச் சொன்னார்கள். நிரூபா மாட்டேன் என்று காலைப் பனிக்குள் ஊன்றிக்கொண்டாள். கீழே நிற்கிற புருசன் தன்னைக் கட்டிலில் கண்டால் அங்கேயே விழுந்துபோவார் என்று அவளுக்குத் தெரியும்.

“உதை ஆர் பூசினது அன்ரி?”

நிரூபா உடனே சொன்னாள். “நான்தான்.”

“அப்ப எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது.” ஸ்டெபனியின் குரல் இறங்கிவிட்டது. “வகுப்பிலை பிள்ளையளின்ர போட்டைப் பாக்கிறதும் உங்கட வேலைதானே. உங்கட போட்டையே இப்பிடிச் செய்திருக்கிறியளே.”

நிரூபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். புருசன் பிழை விட்டார் என்று அந்நியப் பிள்ளைக்குச் சொல்லி ஒரு ஜக்கெற் வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. ஐந்து பனிக்காலமும் அங்கேதான் முடிந்தது என்று நினைத்தாள்.

அப்போது வேலியோரமாக ஒரு உருவம் ஏறி வந்தது. நாலு அடி ஏறினால் இரண்டு அடி வழுக்கியது. மகேஸ்வரன். தொப்பி எங்கோ விழுந்துவிட்டது, வாயால் புகை விட்டுக்கொண்டு வந்தார். “எங்கை இரத்தம்? எங்கை வெட்டினது?”

“இஞ்சை பாருங்கோ, ஒண்டுமில்லை. குங்குமம்.”

அவர் பனியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். விளங்கியது. அப்படியே பனிக்குள் குந்திவிட்டார். பிறகு ஸ்டெபனியிடம் திரும்பி, “பிள்ளை, நான் பூசினது. இவவுக்குத் தெரியாது. திறந்து பாக்கவும் விடேல்லை, துடைக்கவும் விடேல்லை. நான் லொறி ஓட்டுறனான். லொறிக்கு உது பிழைக்காது,” என்றார்.

“அன்ரி, நீங்கள் செய்தது எண்டு சொன்னியள்?”

“அவர் செய்தாலென்ன நான் செய்தாலென்ன,” என்றாள் நிரூபா பிடிவாதமாக.

ஸ்டெபனி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்ர டடியும் புதுக் கார் எடுத்தால் ஃபாதரைக் கூப்பிட்டுத்தான் எடுக்கிறவர். ஆனால் ஹோலி வோட்டர் மட்டும்தான் தெளிக்கிறது அங்கிள். ரயர் முழுக்கப் பூசுறேல்லை.” கட்டிலோடு நின்ற பெடியங்களை அனுப்பினாள். “வேறை ஆள் தொட்டதெண்டால் அது போட்டின்ர பிழை. ஒருக்கா. க்ளீன் பண்ணிப்போட்டு மேலையிருந்து வாங்கோ.”

நிரூபா பொக்கற்றிலிருந்து பஸ் அட்டையை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள். “பூசினவர்தானே. சுரண்டுங்கோ.”

மகேஸ்வரன் முழங்காலில் நின்று சுரண்டினார். சுரண்டச் சுரண்ட உதடு அசைந்தது. பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார். கழுத்துச் சால்வையால் துடைத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, இன்னுமொருமுறை துடைத்தார். “இப்ப வழுக்கும்,” என்றார்.

இரண்டாம்முறை நிரூபா மேலே நின்றபோது முழங்கால் சுளீரென்று குத்தியது. பொருட்படுத்தவில்லை. குதிக்கால்பக்கம் சாய்ந்து இறங்கிக் காட்டினாள், கால்விரல்பக்கம் சாய்ந்து காட்டினாள், இடம் வலம் என்று வளைந்தாள். தான் விழுந்த இடத்துச் சிவப்பைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்கவில்லை. கீழே வந்து, தண்ணீர்க்கரையில் வள்ளம் ஒதுங்குகிறமாதிரி, சத்தமில்லாமல் நின்றாள்.

ஸ்டெபனி உள்ளே போய் ஒரு ஜக்கெற்றோடு வந்தாள். “மீடியம் சரியாயிருக்குமே அன்ரி? வாற சனி வகுப்பு ஸ்ராட்.”

நிரூபா அதை அங்கேயே போட்டுப் பார்த்தாள். கை கொஞ்சம் நீளம். கழற்றவில்லை.

கார் தரிப்பிடத்தை விட்டு வெளிக்கிடுமுன் விட்பியிலிருந்து போன் வந்தது. மங்கையற்கரசியின் குரல் காருக்குள் நிறைந்தது. “தம்பி, எங்கை நிக்கிறியள்? சோறு ஆறுது.”

“வாறம் அக்கா. நிரூவுக்கு மலையிலை வேலை கிடைச்சிருக்கு. ஸ்னோபோட் படிப்பிக்கப்போறா.”

அந்தப் பக்கம் சட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, “விழுந்து கையைக் காலை முறிச்சால்?”

“விழுந்தவ. என்னாலைதான் விழுந்தவ. எழும்பியிட்டா.”

“எப்ப படிப்பிக்கிறது?”

“சனிக்கிழமையள்.”

“வாற சனி என்ர பேத்தி பெரியபிள்ளையான சாமத்தியவீடெல்லே. நிரூபா ஆலாத்தி எடுக்கிறதெண்டு எல்லாருக்கும் சொல்லியாச்சு.”

மகேஸ்வரன் மனைவியைப் பார்த்தார். மச்சாள் கேட்ட ஒன்றுக்கும் நிரூபா இதுவரை மாட்டேன் என்று சொன்னதில்லை. இந்தமுறையும் ஏதாவது சமாளிப்பாள், முதல் சனியை மட்டும் விட்டுக்கொடுப்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் சீற் பெல்ற்றை இழுத்துப் போட்டாள்.

“மச்சாள், ஆலாத்திக்கு வேறை ஆளைப் பாருங்கோ. வகுப்பு முடிஞ்சு, பின்னேரம் நேரை சாமத்தியவீட்டு ஹோலுக்கு வாறன்.”

கார் நெடுஞ்சாலையில் ஏறியது.

“சரி,” என்றா மங்கையற்கரசி கடைசியில். “ஜக்கெற்றோடை வந்து நிக்காதையும். சீலையை மலைக்குக் கையோடை கொண்டுபோம்.”